நாற்பத்தொன்று வரை ஒற்றைக் காலில்

தெத்துவான்,
ஜூன் 24, செவ்வாய்.

அன்பு மகன் நிசாருக்கு அம்மா ரஹிமோ எழுதுவது. உன்மேலும் லுப்னாமேலும் குட்டி யாசிர்மேலும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நான் சுகம், மொட்டைமாடியில் உன் ஆமையும் சுகம், குளிர்காலத் தூக்கம் கலைந்து எழுந்ததிலிருந்து என் புதினாச் செடியை வேரோடு தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் மூவரும் ஆண்ட்வெர்ப்பில் சுகம் என்று லுப்னா சொல்லித்தான் தெரியும், பெற்ற மகன் வாயால் அதைக் கேட்டு ஒன்பது வாரம் ஆகிறது. நான் போன் செய்தால் லுப்னா எடுக்கிறாள், அவர் குளிக்கிறார் மாமி என்கிறாள். ஒன்பது வாரமாக ஒரு மனிதன் குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் விடலாம், கடிதம் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சண்டையை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். சென்ற செப்டம்பரில் மார்த்தில் ஊர்க் கல்யாணத்தில் நான் மேடையில் விழுந்ததை உன் சித்தி மகள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டாள், அவளுக்கு இறைவன் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். நம் பெண்கள் வாத்தியக் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியாததா, மற்ற எல்லாப் பாட்டையும் உட்கார்ந்து வாசிக்கலாம், மணப்பெண்ணைப் பல்லக்கில் தூக்கி வரும்போது மட்டும் முதல் கமாஞ்சாக்காரி எழுந்துதான் ஆக வேண்டும், எழுந்து இடது காலை முக்காலிமேல் வைத்து, கமாஞ்சாவை அந்தத் தொடைமேல் நிறுத்தி, பெண்ணைக் கீழே இறக்கும்வரை வாசிக்க வேண்டும். நீ இருக்கும் ஊரில் இதே வயலினைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு இரண்டு காலிலும் நிற்கிறார்கள், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு உடம்பு முழுக்க வலது கால்மேல். அன்றைக்குப் பெண் ஒரு சுற்று வருவதற்குள் அந்தக் கால் பஞ்சாகிவிட்டது, கமாஞ்சாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். வாத்தியத்துக்கு ஒரு கீறல் இல்லை, தோள் மட்டும் மூன்று வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நீ போனில் கத்தினாய், யம்மா, அந்தக் கமாஞ்சாவத் துணியில சுத்தி அலமாரில வை, இன்னொரு தடவ நீ மேடையில எழுந்து நின்னேன்னு கேள்விப்பட்டேன், நான் பேசவே மாட்டேன் என்று. நானும் ஏதேதோ சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் வாய் தவறி, பழச்சாறுக்கடை மஃமூன் மகள் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டோம், ஜூனில், என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான் நீ.

உனக்கு ஏன் அத்தனை கோபம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை மகனே. உன் அப்பா மாடிப்படியில் கால் தவறி, இடுப்பெலும்பு ஒடிந்து, நாலு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். நீ விமானம் பிடித்து வருவதற்குள் மண் போட்டாயிற்று. அந்தப் படிக்கட்டில் நானும் இறைவன் பெயரைச் சொல்லித்தான் கால் வைக்கிறேன். ஆனால் கமாஞ்சாவை அலமாரியில் வைத்துவிட்டு இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? கூஸ்கூஸ் கிண்டுவேன், ஆமைக்குக் கீரை நறுக்குவேன், தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டுவேன். உன் அப்பா இறந்த வருடம் என்னைப் பைத்தியம் ஆகாமல் காப்பாற்றியது அந்த மரப்பெட்டியும் அதைச் சுற்றி உட்காரும் ஏழு பெண்களும்தான். அதை விடச் சொன்னால் விட என்னால் முடியாது, சும்மா முடியாது என்று சொன்னால் நீ கேட்கவும் மாட்டாய். அதனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன், அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ அக்டோபரில் அனுப்பிய முதுகுப் பட்டை வந்தது. போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஒத்திகைக்குப் போனேன். நம் குழுத் தலைவி பத்தூலை உனக்குத் தெரியுமே, மத்தளத்தைவிட வாய் பெரிசு, என்னைப் பார்த்து, ஏண்டி ரஹிமோ, உன் மகன் உன்னச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறதுக்குச் சேணம் அனுப்பிட்டானா என்று கேட்டாள். பட்டை இருக்கும்வரை நிமிர்ந்திருந்தேன், கழற்றியதும் பழைய குருடிதான். இப்போது அது தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டி வைக்க உதவுகிறது, காற்றடித்தால் மூடி பறப்பதே இல்லை, நல்ல பட்டை. நவம்பரில் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் உடற்பயிற்சி மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். அங்கே சுகைனா என்று ஒரு பெண், லராஷ் ஊர்க்காரி, முப்பது வயதுகூட இராது, வாயில் எந்நேரமும் சூயிங்கம், மரியாதை தெரியாதவள் என்றுதான் முதலில் நினைத்தேன். கமாஞ்சா இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசிக்கும்போது உட்காருவதுபோல உட்காருங்க லல்லா என்று சொல்லி, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக் காட்டினாள். அது யார் என்று கேட்டேன். இடது தோள் இறங்கி, வலது தோள் காதைத் தொட்டுக்கொண்டு, கழுத்து உன் ஆமை மாதிரி முன்னால் நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ஒரு கிழவி. எத்தன வருஷமா இப்படி உக்காந்திருக்கீங்க என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றேன். அப்ப ஒரு மாசத்துல நிமிர்ந்திடுமான்னு எங்கிட்டக் கேக்கக் கூடாது, சரியா என்றாள். பிறகு கையை எங்கும் ஊன்றாமல் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். மூன்று எண்ணுவதற்குள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

நிசார், உனக்குச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். மார்த்திலில் விழுந்தது முதல் தடவை இல்லை. அதற்கு முன்பே குளியலறையில் ஒரு தடவை, ரொட்டி மாவைப் பலகையில் வைத்துச் சுட அடுப்புக்கடைக்கு எடுத்துப் போகும்போது சந்தில் ஒரு தடவை. சுவரைப் பிடித்தபடிதான் வீட்டுக்குள்ளே நடந்துகொண்டிருந்தேன். உன் அப்பா போனதிலிருந்து தொழுகையும் நாற்காலியில்தான், சஜ்தாவில் குனிந்தால் எழ முடியாது என்று பயம். அவள் சூயிங்கத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, வாத்தியக்காரங்க எல்லாரும் வெரலையும் மணிக்கட்டையும் பத்தித்தான் கவலப்பட்டுட்டு இங்க வருவாங்க, ஒடம்பத் தாங்கற பாதத்த ஒருத்தரும் கேக்கறதில்ல, நீங்களாச்சும் கால் சரியில்லன்னு வந்தீங்களே, அதுவே பாதி வேல என்றாள். அன்றையிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அவள் கொடுத்த பயிற்சிகளைக் கேட்டால் சிரிப்பாய். இதற்கா மருத்துவமனை என்று நானும்தான் கேட்டேன். தேநீர் ஊறும் நேரத்தில் சமையல்மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, முட்டியை விறைக்காமல் கொஞ்சம் தளர விட்டு, கட்டைவிரலைத் தரையில் அழுத்தி, எதிரே அசையாத ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு. உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை இந்தப் பக்கம் பத்து அந்தப் பக்கம் பத்து சுழற்றுவது. சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி வைத்துக் கைகளைச் சுவரோடு தேய்த்து மேலே கொண்டுபோய் இறக்குவது, முதல் நாள் என் வலது கை காதுக்கு மேல் போகவே இல்லை. தொழுகை விரிப்பில் கையும் முழங்காலும் ஊன்றிப் பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகைத் தூக்கி இறக்குவது, பத்தூல் அதை வந்து பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், ரெண்டாம் நாள் அவளே தன் வீட்டில் செய்து பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டது, அந்த அளவில் நியாயம் கிடைத்தது. அப்புறம் தாழ்வாரத்து ஓட்டின் நீலக்கோட்டில் ஒரு குதிகாலை மற்ற காலின் விரலில் முட்டி முட்டி நடப்பது, உன் அப்பா ஒட்டிய ஓடு, கோடு அங்கங்கே கோணல், அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நவம்பரில் மூன்று வரை எண்ணினேன், டிசம்பரில் ஒன்பது, ஜனவரியில் பதினாறு. விரலை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிப்ரவரியில் ஒரு இடி விழுந்தது. உனக்கு நினைவிருக்கும், நாங்கள் வில்லை ஒரே வாக்கில் இழுப்போம், எந்தத் தந்தி வேண்டுமோ அதற்குக் கமாஞ்சாவைத்தான் தொடைமேல் திருப்புவோம். என் கமாஞ்சா நாற்பத்திரண்டு வருடமாக என்னோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தே நின்றது, வில்லும் அந்தச் சாய்வுக்கே பழகியிருந்தது. இப்போது நான் நிமிர்ந்துவிட்டேனா, அதுவும் நிமிர்ந்துவிட்டது, வில் போன இடத்தில் தந்தி இல்லை. ஒத்திகையில் நடுத்தந்தியைத் தொட நினைத்துப் பக்கத்துத் தந்தியில் போய் உரசினேன், ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. எல்லாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பத்தூல் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு, ரஹிமோ, நீ விழுந்தாக்கூடத் தூக்கி விட்டுடலாம்டி, இப்படி வாசிச்சா என்ன பண்றது, அந்தக் குரங்கு வித்தைய விட்டுத் தொல, இல்லேன்னா ஜூன் கல்யாணத்துக்கு ஹாஜர முதல் இடத்துல உக்கார வெக்க வேண்டியதுதான் என்றாள். ஹாஜர் ரெண்டாம் கமாஞ்சாக்காரி, நல்ல பெண், தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி கூன் போட்டு உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். அத்தனை சுரமும் தேனாக வந்தது. அன்றைக்கு அழுத மாதிரி உன் அப்பா போன அன்றுகூட நான் அழவில்லை. நிமிர்ந்தால் வாசிப்புப் போகிறது, வாசித்தால் காலும் முதுகும் போகிறது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எதைக் கொடுப்பேன்? ஒன்பது நாள் பயிற்சியைத் தொடவில்லை. நாள்காட்டியில் அந்த ஒன்பது கட்டமும் வெறுமையாக இருக்கும்.

பத்தாம் நாள் சுகைனா போன் செய்தாள். என்ன லல்லா செத்துட்டீங்களா என்று கேட்டாள், நான் சொன்னேனே, மரியாதை தெரியாதவள். விஷயத்தைச் சொன்னதும், இத்தன நாளா வாத்தியத்த ஏன் எங்கிட்டக் கொண்டாந்து காட்டல, நான் என்ன ஜோசியக்காரியா என்று கத்தினாள். அதுதான் தப்பு. மூன்று மாதம் அவளிடம் போய்வந்தேன், ஒரு நாள்கூடக் கமாஞ்சாவைக் கொண்டுபோகவில்லை, பெட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவில் எங்கே கச்சேரி என்று கேட்பார்களே என்று வெட்கம். கொண்டுபோனேன். நிமிர்ந்து உட்காரச் சொன்னாள், வாசிக்கச் சொன்னாள், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு ஒரு துண்டை நாலாக மடித்து என் இடது பாதத்துக்கு அடியில் வைத்தாள், இன்னொன்றை மடித்துத் தொடைமேல் போட்டு அதன்மேல் கமாஞ்சாவை நிறுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள். நீங்க அதுகிட்டக் குனிஞ்சு போனது போதும் லல்லா, அது ஏறி உங்ககிட்ட வரட்டும் என்றாள். வில் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் விழுந்தது. மிச்சத்துக்கு ஆறு வாரம் பிடித்தது, உன் அறையில் இருக்கும் பெரிய கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, சின்னப் பெண் கற்றுக்கொள்கிற மாதிரி ஒவ்வொரு தந்தியாக மெதுவாக. ஏப்ரல் முடியும்போது பத்தூல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, ம், பழைய ரஹிமோதான், சத்தம் கூடிருக்கு என்று சொன்னாள். நெஞ்சு விரிந்ததால் கை தாராளமாகப் போகிறது, அதுதான் காரணம். அந்த வாரம்தான் நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் விரிப்பைப் போட்டுத் தொழுதேன். சஜ்தாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன் மகனே. எழுந்து நின்று அடுத்து என்ன ஓத வேண்டும் என்றே மறந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். அதை உன்னிடம் சொல்ல ஓடிப்போய் போனை எடுத்தபோதுதான், சந்தோஷத்தில், ஜூன் கல்யாணத்தையும் உளறிவிட்டேன். நீ அதை மட்டும் கேட்டாய், தொழுகையைச் சொல்ல விடவே இல்லை.

இனி கல்யாணக் கதை. போன சனிக்கிழமை, பெண்கள் மட்டும் கூடும் பகல் விருந்து, மூன்று மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்தார்கள், பஸ்தீலாவில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். நாங்கள் மேடையில் உட்கார்ந்தோம். பத்தூலைப் பார்க்கும்போது வழக்கத்தைவிட ஒரு முழம் குள்ளமாகத் தெரிந்தாள், வயசாகிறது, கூனிப்போகிறாள், அவளையும் சுகைனாவிடம் இழுத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் குலவை கேட்டது. நாலு பெண்கள் பல்லக்கைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். நான் கமாஞ்சாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன், முன்னால் பார்த்தபடியே இடது காலைத் தூக்கினேன், வைத்தேன், அங்கே முக்காலி இல்லை. கால் வெறும் காற்றில் போனது. நாற்பத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் இருக்கும் முக்காலி. செப்டம்பர் ரஹிமோவாக இருந்தால் அந்த இடத்திலேயே மேடையிலிருந்து கீழே போயிருப்பாள். ஆனால் என் கால் கீழே போகவில்லை நிசார். போன காலை நானே நிறுத்தினேன். வலது முட்டி தானாகத் தளர்ந்தது, கட்டைவிரல் தானாக அழுத்தியது, எதிர்ச்சுவரில் தீயணைப்புக் குழாய்க்கு ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது, கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. இடது கையில் கமாஞ்சா, வலது கையில் வில், கால் அந்தரத்தில். இறக்கியிருக்கலாம். இருநூறு பெண்கள் பார்க்கிறார்கள், இறக்கினால் தடுமாறினாள் என்பார்கள், எனக்கு வீம்பு வந்துவிட்டது, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினைந்தில் பத்தூலின் முகம் வெளுத்தது. இருபதில் எழுந்திருக்கப் பார்த்தாள், கஃப்தான் அங்கி சிக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முப்பதில் ஹாஜரும் இன்னொருத்தியும் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அவள் அடியிலிருந்து வந்தது என் முக்காலி. நாற்பத்தொன்றில் அதை என் காலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டுத் தடுமாறியது அவள்தான், நான் இல்லை. வில்லைப் போட்டேன். பெண்ணை மூன்று சுற்றுச் சுற்றினார்கள், மஃமூன் மனைவி ஆசை தீராமல் இன்னொன்று கேட்டாள், நாலாவதும் சுற்றினார்கள். மூன்றாம் சுற்றில் தொடை நடுங்கியது உண்மை, பொய் சொல்ல மாட்டேன். பெண்ணை இறக்கிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

தேநீர் வரும்போது பத்தூல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். ரஹிமோ என்ன மன்னிச்சிடுடி, உன் மகன்தான் போன் பண்ணி அழுதான், பத்தூல் காலா, முக்காலி இல்லேன்னா எங்கம்மா உக்காந்தே வாசிச்சிடும், எங்கப்பாவுக்கு ஆனது இதுக்கும் ஆகக் கூடாது, எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிடுன்னு கெஞ்சினான், புள்ள அழும்போது எப்படிடி முடியாதுன்னு சொல்றது என்றாள். முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது, கொஞ்சநஞ்சம் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் காலுக்கு அடியில் இருந்ததை உருவிவிட்டாய் பார், நான் மட்டும் அந்தச் சமையலறையில் எட்டு மாதம் நிற்காமல் இருந்திருந்தால் நீ பயந்தது உன்னாலேயே நடந்திருக்கும். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும், நீ சின்னப்பிள்ளை இல்லை. அப்புறம் வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் போய்விட்டது, பத்தூலிடம் அழுதான் என்பது மட்டும் மனதில் நின்றது. என்னோடு பேசாமல் இருந்த ஒன்பது வாரமும் நீ என்னையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் அழுதிருக்கலாமே என் ராஜா, நான் எங்கே போனேன்.

நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கொள். துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்க்கிறாய் என்று லுப்னா சொன்னாள், படமும் அனுப்பினாள், அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு என் படம்தான் நினைவுக்கு வந்தது. சுகைனாவிடம் காட்டினேன், இவருக்கு வயசு அறுபதா என்று கேட்டாள். உனக்கு முப்பத்தாறு. வேலை முடிந்து வந்ததும் சுவரில் முதுகை ஒட்டிக் கையைத் தூக்கி இறக்கு, யாசிரையும் சேர்த்துக்கொள், அவனுக்கு விளையாட்டாக இருக்கும். லுப்னாவுக்கு நான் வைத்திருக்கும் கஃப்தான் துணியை உன் சித்தி ஆகஸ்டில் வரும்போது கொடுத்து விடுகிறேன், நிறம் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லச் சொல், மாமி என்று பார்க்க வேண்டாம். உங்கள் மூவரின் காலடியும் எப்போதும் உறுதியாக இருக்க, வீடு நிறைந்து இருக்க, என் துஆ ஐந்து வேளையும் உங்களுக்கு உண்டு, இப்போது தரையில் நெற்றி வைத்துக் கேட்கிறேன், நாற்காலியில் இருந்து இல்லை.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஜூலை பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டு, சரியாக ஆறு மணிக்குப் போனைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு அதன் எதிரே நான் வலது காலில் நிற்கப் போகிறேன். உன் குரல் கேட்கும்வரை இடது காலைத் தரையில் வைக்கமாட்டேன். என்னால் நாற்பத்தொன்றுவரை நிற்க முடியும், அதற்கு மேல் எவ்வளவு முடியும் என்று எனக்கே தெரியாது, குளித்துக்கொண்டு நிற்காதே.

உன் வரவுக்கும் குரலுக்கும் காத்திருக்கும்
அம்மா,
ரஹிமோ, முதல் கமாஞ்சா.